குளிர்காற்றில் மறைந்த வெயில்

கோபன்ஹேகனின் தென்மேற்குப் புறநகரான புரொண்பி நகராட்சியின் தெற்குக் கரை கோகெ விரிகுடாவில் முடிகிறது. அங்கே இன்று குழந்தைகள் மணல்வீடு கட்டும் வெண்மணற் பரப்பு இயற்கையாக அமைந்ததன்று. ஆழமற்ற கடலடியிலிருந்து மணலைத் தோண்டியெடுத்துக் குவித்து, ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டியெழுப்பப்பட்டு, 1980இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட கடற்கரைப் பூங்காவின் ஒரு பகுதி அது. தலைநகரின் புறநகர்களில் அடுக்குமாடிகளில் வாழும் குடும்பங்களும் கோடையில் நடந்தோ சைக்கிளிலோ சென்றடையக்கூடிய கடல் ஒன்று வேண்டும் என்ற எண்ணத்தின் விளைவாகவே அந்தக் கரை உருவானது. டென்மார்க்கில் குடியேறிய ஈழத்தமிழர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒரே கோடை விடுமுறைக்குள் பெரும்பாலும் இரண்டு கடற்கரைகளைக் காண்கிறார்கள்: ஜூன் இறுதியில் இத்தகைய டேனிஷ் கரை ஒன்றை, ஜூலையில் யாழ்ப்பாணத்தின் காரைநகர் கசூரினாக் கரையையோ வேலணைச் சாட்டிக் கரையையோ. இரண்டிலும் அவர்கள்மீது விழுவது ஒரே சூரியனின் ஒளிதான் என்றாலும், அது குழந்தையின் உடலில் செய்யும் வேலை இரண்டு இடங்களிலும் ஒன்றல்ல என்பதும், ஓரிடத்து வெயிலைக் கையாளப் பழகிய குடும்பம் மற்ற இடத்து வெயிலில் எளிதில் ஏமாறக்கூடும் என்பதுமே இக்கட்டுரையின் பொருள்.

ஏமாற்றத்தின் வேர் தமிழ்ச் சொல்லிலேயே இருக்கிறது. வெயில் என்ற ஒரே சொல் சூரியனின் ஒளியையும் அதன் சூட்டையும் சேர்த்துச் சுட்டுகிறது. அன்றாட வாழ்வுக்கு அது போதுமானதுதான், ஆனால் அறிவியல் இந்த இரண்டையும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பிரித்துவிட்டது. 1800இல் வில்லியம் ஹெர்ஷல், சூரிய ஒளியை முப்பட்டகத்தால் நிறங்களாகப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தபோது அதன் அளவு உயர்ந்ததைக் கண்டார். அதுவே அகச்சிவப்புக் கதிர். அடுத்த ஆண்டில் யோகான் ரிட்டர், ஊதாவுக்கு அப்பாலுள்ள இருட்டில் வெள்ளி உப்பு விரைவாகக் கறுப்பதைக் கண்டார். அது புறஊதாக் கதிர். தோலிலுள்ள வெப்ப உணர்விகள் அகச்சிவப்பையும் கண்ணுக்குப் புலனாகும் ஒளியையும் சூடாக உணர்கின்றன, ஆனால் தோலைச் சிவக்க வைத்து அதன் உயிரணுக்களின் மரபுப் பொருளைக் காயப்படுத்தும் புறஊதாவை உணரும் புலன் எதுவும் மனித உடலில் இல்லை. சூட்டையும் அந்தக் கதிர்களையும் மருத்துவத்தில் பிரித்துக் காட்டியவர் கோபன்ஹேகனிலேயே வாழ்ந்தவர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. பரோத் தீவுகளில் 1860இல் பிறந்த நீல்ஸ் ஃபின்சன், தோலில் வரும் காசநோயைக் குணப்படுத்துவதற்காக, நீர் நிரப்பிய வில்லைகளால் ஒளியின் சூட்டை வடிகட்டிவிட்டு, எஞ்சிய குளிர்ந்த கதிர்களை மட்டும் நோயுற்ற தோலில் குவித்தார். அதற்காக 1903இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. சூடில்லாத ஒளியும் தோலில் ஆழமாக வேலை செய்யும் என்பதற்கு அவருடைய நோயாளிகளே சான்று. புரொண்பிக் கரையில் வீசும் காற்று, ஃபின்சனின் வில்லைகளுக்குள் இருந்த நீரின் வேலையைத்தான் செய்கிறது: சூட்டை அகற்றிவிட்டு, புறஊதாவை அப்படியே விட்டுவிடுகிறது.

மே மாத இறுதியில், வெப்பநிலை 20 பாகை செல்சியஸையும் எட்டாத ஒரு நாளில், கடற்காற்று சில்லென்று வீசிக்கொண்டிருக்கும்போது, டென்மார்க்கின் புறஊதாச் சுட்டெண் 6 ஆக இருக்கக்கூடும். புறஊதாச் சுட்டெண் என்பது, மனிதத் தோலைச் சிவக்கச் செய்யும் ஆற்றலுக்கேற்ப எடைபோட்டு அளக்கப்படும் கதிரின் அளவு. 1992இல் கனடாவில் உருவாக்கப்பட்டு, பின்னர் உலக சுகாதார நிறுவனத்தால் எல்லா நாடுகளுக்கும் பொதுவாக்கப்பட்டது. 3க்குக் கீழே இருந்தால் சாதாரணமாகப் பாதுகாப்பு வேண்டியதில்லை, 3இலிருந்து வேண்டும், 8இலிருந்து மிக அதிகம், 11இலிருந்து மிகத் தீவிரம் என்று அது வகுக்கப்பட்டுள்ளது. டென்மார்க்கில் உச்சக் கோடையில் அது 6, 7 வரை ஏறுகிறது. யாழ்ப்பாணத்தின் தெளிந்த வானத்தில் நடுப்பகலில் 11ஐத் தாண்டுவது வழக்கம். வேறுபாட்டுக்குக் காரணம் சூரியனின் உயரம். சூரியன் தாழ்வாக நிற்கும்போது கதிர்கள் வளிமண்டலத்தைச் சாய்வாக, நீண்ட வழியில் கடந்து வர வேண்டியிருப்பதால், ஓசோன் அவற்றில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. ஜூலை நடுவில் புரொண்பியில் உச்சிப்பொழுதில்கூடச் சூரியன் தொடுவானத்திலிருந்து 56 பாகை உயரத்தில்தான் நிற்கும். ஒரு மீட்டர் உயரமுள்ள குழந்தையின் நிழல் ஏறத்தாழ 70 சென்றிமீற்றர் நீண்டு விழும். அதே நாளில் யாழ்ப்பாணத்தில் சூரியன் தலைக்கு வடக்கே, 80 பாகைக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் நிற்பதால், அதே குழந்தையின் நிழல் தெற்கே வெறும் 20 சென்றிமீற்றர் அளவே விழுகிறது. நிழல் ஆளைவிடக் குட்டையாக இருந்தால் புறஊதா வலுவாக உள்ளது என்ற எளிய கணக்கு இதிலிருந்து பிறந்ததுதான். எண்களைப் படிக்கத் தெரியாத நான்கு வயதுக் குழந்தையும் அதைத் தன் காலடியில் பார்த்துக்கொள்ளலாம்.

நிழலைப் பார்க்கும் வழக்கத்தோடு கடிகாரத்தையும் சற்றுத் திருத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. கோடைகால நேர மாற்றத்தின் காரணமாக டென்மார்க்கில் உண்மையான உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. கோபன்ஹேகன் பகுதியில் அது பிற்பகல் ஒன்றேகால் மணியளவில் வருகிறது. டென்மார்க் புற்றுநோய் எதிர்ப்புச் சங்கமும் ட்ரூக்ஃபொண்டன் அறக்கட்டளையும் 2007 முதல் நடத்திவரும் பரப்புரை, சுட்டெண் 3ஐத் தொடும்போதே நிழல், தொப்பி, சன்கிரீம் ஆகிய மூன்றையும் இந்த வரிசையில் நினைவூட்டுகிறது. கரும்புற்று எனப்படும் கொடிய தோல் புற்றுநோய் உலகில் மிக அதிகமாகக் காணப்படும் நாடுகளில் டென்மார்க்கும் ஒன்று என்பதால், அந்நாட்டுக்கு இது வெறும் அழகுக்குறிப்பாக இருக்க முடியாது.

தமிழ்ப் பெற்றோர் பலர் இந்த அறிவுரையைத் தங்களுக்குரியதாகக் கருதுவதில்லை. அதில் பாதி நியாயம் உண்டு. கருமைக்குக் காரணமான மெலனின் என்ற நிறப்பொருள் புறஊதாவின் ஒரு பகுதியைத் தோலின் மேலடுக்கிலேயே தடுத்துவிடுவதால், மாநிறத் தோலும் கருந்தோலும் விரைவில் சிவந்து உரிவதில்லை. ஆனால் அந்தத் தடுப்பு முழுமையானதன்று. கண்ணுக்கோ அது எந்தக் காப்பும் தருவதில்லை, குழந்தையின் கண்வில்லை பெரியவர்களுடையதைவிடத் தெளிவாக இருப்பதால் கூடுதலான கதிர் உள்ளே செல்கிறது. அகன்ற விளிம்புள்ள தொப்பி எந்த நிறக் குழந்தைக்கும் தேவைப்படுவது இதனால்தான். இதற்கு மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. தோல் தானாகவே தயாரிக்கும் வைற்றமின் டிக்குப் புறஊதா வேண்டும், மெலனின் அதையும் தடுக்கிறது; டென்மார்க்கின் குளிர்கால மாதங்களிலோ சூரியன் மிகத் தாழ்வாக நிற்பதால் எந்தத் தோலிலும் அந்த உற்பத்தி நடப்பதில்லை. ஆகவே டேனிஷ் சுகாதார அதிகாரசபை, நான்கு வயது வரையான குழந்தைகளுக்கும், கருந்தோலுடையவர்களுக்கும் ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் வைற்றமின் டி பரிந்துரைக்கிறது. தமிழ்க் குழந்தையை டென்மார்க்கின் கோடையில் வெளியே அழைத்துச் செல்வது அந்த வகையில் மருந்தும்தான். வீட்டுக்குள் அடைத்துவைப்பதற்கான காரணமாக வெயிலைச் சொல்வது அங்கே பொருந்தாது.

சூட்டின் கதை வேறு. டென்மார்க் வானிலை நிறுவனத்தின் வரையறைப்படி, தொடர்ந்து மூன்று நாட்களின் உச்ச வெப்பநிலைகளின் சராசரி 28 பாகையைத் தாண்டினால் அது வெப்ப அலை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருவருக்கு 28 பாகை என்பது மழை பெய்து ஓய்ந்த பகலின் அளவு. எனவே டேனிஷ் வெப்ப அலைச் செய்தியைக் கேட்டு மூத்த தலைமுறை புன்னகைப்பது இயல்பே. என்றாலும் 1975 ஆகஸ்டில் ஹோல்ஸ்டெப்ரோவில் 36.4 பாகையும், 2022 ஜூலையில் லொலண்ட் தீவில் 35.9 பாகையும் பதிவாகியுள்ளன. குளிரைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்ட வீடுகளும், அந்தக் குளிருக்குப் பழகிய உடல்களும் அத்தகைய நாட்களில் திணறுகின்றன. அந்த உடல்களில் தமிழ்க் குழந்தைகளுடையவையும் அடங்குமா என்ற கேள்விதான் யாழ்ப்பாணப் பயணத்தைத் திட்டமிடும் குடும்பத்துக்கு முதன்மையானது.

அதற்கான விடையின் ஒரு பகுதியை ஜப்பானிய உடலியலாளர் யாஸ் குனோ தந்திருக்கிறார். மனித வியர்வை பற்றிய தன் வாழ்நாள் ஆய்வில், உடலில் உண்மையாகச் சுரக்கும் வியர்வைச் சுரப்பிகளை அவர் எண்ணினார். ஜப்பானில் வளர்ந்தவர்களில் அவை சராசரியாக 23 இலட்சத்துக்கு அருகிலும், பிலிப்பைன்ஸ் மக்களில் 28 இலட்சமாகவும் இருந்தன. வளர்ந்தபின் வெப்ப நாட்டுக்குக் குடிபெயர்ந்த ஜப்பானியரின் எண்ணிக்கை ஜப்பானில் இருந்தவர்களுடையதைப் போலவே இருக்க, அங்கேயே பிறந்து வளர்ந்த ஜப்பானியப் பிள்ளைகளின் எண்ணிக்கை பிலிப்பைன்ஸ் மக்களுடையதை நெருங்கியது. சுரப்பிகள் பிறப்பிலேயே அமைந்துவிடுகின்றன, ஆனால் அவற்றில் எத்தனை விழித்தெழும் என்பதை வாழ்வின் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளின் தட்பவெப்பம் தீர்மானிக்கிறது என்று அவர் முடிவு கண்டார். வெயிலைத் தாங்கும் திறனின் ஒரு பகுதி இரத்தத்தில் வரவில்லை, தொட்டில் கிடந்த இடத்தின் காற்றில் வந்தது என்பதே இதன் பொருள். பருத்தித்துறையில் பிறந்த பேரனாருக்கும் புரொண்பியில் பிறந்த பேத்திக்கும் முகச்சாயல் ஒன்றாக இருக்கலாம், ஆனால் அவர்களுடைய வியர்வை ஒன்றல்ல. ‘எங்கட பிள்ளைதானே, தாங்கும்’ என்று உறவினர் அன்போடு சொல்லும் வாக்கை ஏற்பதற்குமுன் இதை எண்ணிப்பார்ப்பது நல்லது.

பேரனாரின் உடலும்கூட முப்பது ஆண்டு டேனிஷ் வாழ்வுக்குப்பின் பழைய நிலையில் இருக்காது. வெப்பத்துக்குப் பழகுதல் என்பது, குருதியின் நீரளவு கூடுவதும், வியர்வை விரைவாகத் தொடங்குவதும், அதில் உப்புக் குறைவதும் சேர்ந்த ஒரு மாற்றம். நாள்தோறும் வெப்பத்தில் இருந்தால் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் அது நிகழ்ந்துவிடும், வெப்பம் இல்லாவிட்டால் சில வாரங்களில் கலைந்தும் போகும். ஆகவே பலாலியிலோ கட்டுநாயக்காவிலோ இறங்கிய முதல் வாரத்தில் நீண்ட பகற்சுற்றுலாக்களை வைத்துக்கொள்ளாமல், கோவில் வீதியிலும் வீட்டு முற்றத்திலும் மாலைப்பொழுதுகளில் பிள்ளைகளை ஓடவிட்டு, இரண்டாம் வாரத்துக்குக் கடற்கரைகளையும் தீவுப் படகுப் பயணத்தையும் ஒதுக்குவது உடலியலுக்குப் பொருந்திய திட்டம்.

குழந்தை உடலைக் குட்டிப் பெரியவராக நினைக்கும் தவறும் இங்கே அடிக்கடி நேர்கிறது. உடலின் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு குழந்தைகளில் அதிகம். ஐந்து வயதில் அது பெரியவர்களுடையதைவிட ஒன்றரை மடங்குக்கு அருகில் இருக்கும், பிறந்த குழந்தையில் இரண்டு மடங்கையும் தாண்டும். காற்றின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையான ஏறத்தாழ 35 பாகைக்குக் கீழே உள்ளவரை இது குழந்தைக்குச் சாதகம், சூடு விரைவாக வெளியேறுகிறது. அதைத் தாண்டிவிட்டால் அதே பரப்பு வெளியிலிருந்து சூட்டை உள்ளே இழுக்கும் வாயிலாகிவிடுகிறது. குழந்தைகளால் வெப்பத்தைச் சரிவரக் கையாள முடியாது என்றே முன்பு மருத்துவ நூல்கள் சொல்லிவந்தன. 2011இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், போதிய நீரும் ஓய்வும் கிடைத்தால் வளர்ந்த பிள்ளைகள் பெரியவர்களுக்கு இளைத்தவர்கள் அல்லர் என்று அந்தக் கருத்தைத் திருத்தியது. திருத்தம் வரவேற்கத்தக்கது, ஏனெனில் அது பிள்ளைகளை வெளியே விடுவதற்கான அனுமதி. ஆனால் நீரையும் ஓய்வையும் தேடிச் செல்லத் தெரியாத கைக்குழந்தைக்கு அது பொருந்தாது.

யாழ்ப்பாணத்தின் ஜூலை வெப்பநிலை 32 பாகையளவில் நின்றாலும், காற்றிலுள்ள ஈரப்பதமே கடினமான பகுதி. ஒரு லீற்றர் வியர்வை முழுமையாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்லும். ஆவியாகாமல் சொட்டி விழும் வியர்வை எதையும் எடுத்துச் செல்வதில்லை. காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் வியர்வை ஆவியாவது தடைப்படுவதால், வெப்பமானியை மட்டும் பார்ப்பது போதாது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு ஈரக்குமிழ் வெப்பநிலை எனப்படும்; வியர்த்த உடல் எவ்வளவு குளிரமுடியும் என்பதை அதுவே சொல்கிறது. 1950களில் அமெரிக்கப் படைப் பயிற்சி முகாம்களில் வீரர்கள் சுருண்டு விழுவதைத் தடுக்க உருவாக்கப்பட்ட கூட்டுச் சுட்டெண்ணில், ஈரக்குமிழுக்கு 70 விழுக்காடும், வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்தின் சூட்டுக்கு 20 விழுக்காடும், சாதாரணக் காற்று வெப்பநிலைக்கு வெறும் 10 விழுக்காடும் எடை கொடுக்கப்பட்டிருப்பதைக் கவனித்தால், தொலைபேசித் திரையில் தெரியும் பாகை எண்ணின் இடம் எவ்வளவு சிறியது என்பது விளங்கும். ஜூலையில் தெற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று யாழ்ப்பாணத்தில் தரும் ஆறுதலின் காரணமும் இதுதான். அது தோலருகே தேங்கிய ஈரக்காற்றைத் தள்ளிவிடுகிறது. கூரை போட்டு நாற்புறமும் மூடிய இடத்தைவிட, காற்றோடும் ஒரு வேம்பின் அடி பிள்ளைகளுக்கு நல்லது.

மரத்தின் சிறப்பு அதோடு நிற்பதில்லை. கடற்கரையில் விரிக்கும் குடை நேராக வரும் கதிரைத் தடுத்தாலும், நீல வானம் முழுவதிலிருந்தும் சிதறி வரும் புறஊதாவைத் தடுப்பதில்லை. டென்மார்க் போன்ற வடநாடுகளில் அந்தச் சிதறிய பங்கு மொத்தத்தில் பாதிக்கு அருகில் இருக்கும். உலர்ந்த மணலும் 15 விழுக்காடு அளவுக்குப் புறஊதாவைத் திருப்பி அனுப்புகிறது, அரை மீட்டர் ஆழ நீருக்குள்ளும் மேற்பரப்பிலுள்ள கதிரில் 40 விழுக்காடு இறங்குகிறது. அடர்ந்த தழைக்கூரை வானத்தையே மறைப்பதோடு, இலைகளிலிருந்து நீரை ஆவியாக்கித் தன்னையும் குளிர்வித்துக்கொள்கிறது. புரொண்பி வழியாகச் செல்லும் வெஸ்ட்வோல்டன், 1888க்கும் 1892க்கும் இடையில் கோபன்ஹேகனைக் காக்க எழுப்பப்பட்ட மண்ணரண். 1920இல் படைப்பயன்பாடு முடிந்து, இன்று அகழி நீரும் மரவரிசையும் நடைபாதையுமாகக் கிடக்கிறது. உச்சிப்பொழுதில் கடற்கரைக்குச் செல்வதற்குப் பதிலாக அங்கே சென்று, மாலையில் கடலுக்கு இறங்கும் குடும்பம் நகராட்சியின் நிலவமைப்பைச் சரியாகப் பயன்படுத்துகிறது.

மூடுவதெல்லாம் நிழலாகாது என்பதற்கு டேனிஷ் குழந்தை வண்டியைவிட நல்ல சான்று இல்லை. கைக்குழந்தையைப் பெரிய வண்டியில் கிடத்தி வெளிக்காற்றில் உறங்கவிடுவது டென்மார்க்கின் நெடுநாள் வழக்கம், குளிர்காலத்திலும் அது தொடர்கிறது. தமிழ்த் தாய்மாரும் அதை விரும்பி ஏற்றிருக்கிறார்கள். கோடையில் அதே வண்டியின் வாயை மெல்லிய துணியால் மூடினால் வெயில் தடுக்கப்படுகிறது, ஆனால் காற்றும் நின்றுபோய் உள்ளே சூடு ஏறுகிறது. 2023இல் வெளியான சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வு, உலர்ந்த துணி வண்டிக்குள் வெப்பநிலையை உயர்த்துவதையும், நனைத்துப் பிழிந்த துணி ஆவியாதலால் அதைப் பல பாகை குறைப்பதையும் காட்டியது. வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளித்துச் சாளரத்தில் தொங்கவிடும் பழைய உத்திதான் அங்கே அளவுகோலோடு மெய்ப்பிக்கப்பட்டது. துணி காயக் காய நனைக்க வேண்டும், ஒரு பக்கம் திறந்திருக்கவும் வேண்டும். மூடிய காரோ இவை எல்லாவற்றையும்விடக் கொடியது. 2005இல் அமெரிக்காவில் அளந்தபோது, வெளியே 22 பாகை மட்டுமே இருந்த நாளிலும் வெயிலில் நின்ற காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 பாகை ஏறியது. அந்த ஏற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே முடிந்துவிட்டது. உறங்கும் குழந்தையைக் காரில் விட்டுவிட்டு ஒரு நிமிடம் கடைக்குள் போய்வரலாம் என்ற எண்ணத்துக்குச் சில்லென்ற டேனிஷ் நாளிலும் இடமில்லை.

வெப்ப நாட்டு மணலின் மேற்பரப்பு நடுப்பகலில் 50, 60 பாகை வரை சூடேறும். 60 பாகையில் தோல் வெந்துபோகச் சில நொடிகள் போதும், குழந்தையின் பாதத்தோல் இன்னும் மெல்லியது. ஆனால் உலர்மணல் வெப்பத்தை எளிதில் கடத்தாததால், ஒரு சாண் தோண்டினால் குளிர்ந்த மணல் கிடைக்கும்; சாட்டிக் கரையில் காலைப் புதைத்து உட்காரும் பிள்ளைகள் அதை அறிந்தே செய்கிறார்கள். கோகெ விரிகுடாவில் நிலைமை தலைகீழ். கரையில் 27 பாகை இருக்கும்போதும் நீர் 20 பாகையை ஒட்டியே இருக்கும், நீரோ காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. மெலிந்த குழந்தையின் உதடு நீலம் பாரிப்பதும் பல்லடிப்பதும், வெப்ப அலை நாளிலேயே அங்கே காணக்கூடிய காட்சிகள். அப்போது துவாலையில் சுற்றி வெயிலில் நிறுத்துவதே சரியான செயல்.

குடிநீர் பற்றிய அறிவுரைகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்வது தகும். கையருகே தண்ணீர் இருந்தும் பிள்ளைகள் இழந்த அளவுக்கு அதைக் குடிப்பதில்லை என்பதை ஓடெட் பார்-ஓர் என்ற குழந்தை உடலியலாளர் 1980இல் காட்டினார். விளையாட்டின் சுவையில் தாகம் பின்தங்கிவிடுகிறது. பின்னர் அவரும் உடன் ஆய்வாளர்களும், வெறும் நீரைவிடச் சுவையூட்டிய நீரையும், அதைவிடச் சிறிது உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீரையும் பிள்ளைகள் தாமாகவே கூடுதலாகக் குடிப்பதைக் கண்டார்கள். உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீரும், கறிவேப்பிலை கிள்ளிப்போட்ட மோரும் இந்த இலக்கணத்துக்கு அப்படியே பொருந்துகின்றன; புரொண்பிச் சந்தைகளிலும் எலுமிச்சையும் தயிரும் கிடைக்கின்றன. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுப்பதில்லை, தாய்ப்பாலை அடிக்கடி கொடுப்பதே போதும். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்கிறதா, வழக்கமான இடைவெளியில் போகிறதா என்பதே பெற்றோருக்கு எளிதான அளவுகோல்.

தலைவலி, குமட்டல், சோர்வு ஆகியவை வெப்பக் களைப்பின் அறிகுறிகள்; நிழலும் நீரும் ஓய்வும் அவற்றைத் தீர்க்கும். பிள்ளை குழம்பிப் பேசினாலோ, தள்ளாடினாலோ, எழுப்பினாலும் விழிக்காவிட்டாலோ, உடல் 40 பாகையைத் தொட்டுவிட்ட வெப்பத்தாக்கமாக அது இருக்கக்கூடும். அப்போது டென்மார்க்கில் 112ஐயும் இலங்கையில் 1990ஐயும் அழைத்துவிட்டு, அம்புலன்ஸ் வண்டி வரும்வரை காத்திராமல் உடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீரூற்றி விசிற வேண்டும். மூளையைக் காப்பாற்றுவது அந்த முதல் நிமிடங்களே.

இவ்வளவுக்கும் பிறகு கையில் எஞ்சுவது ஒரு நேர அட்டவணை. ஜூலை யாழ்ப்பாணத்தில் சூரியன் ஆறு மணியளவில் எழுந்து மாலை ஆறரை மணி தாண்டியதும் மறைந்துவிடுகிறது; புறஊதாவும் சூடும் ஒருசேரத் தணிந்த நேரம், காலையில் எட்டரை மணிவரையும் மாலையில் ஐந்து மணிக்குப் பின்னும் மட்டுமே கிடைக்கிறது. விடியற்காலையில் கீரிமலைக் கேணிக்குப் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் வீடு திரும்பி, பகலை உறக்கத்திலும் கதையிலும் கழித்து, மாலையில் மீண்டும் வெளியேறும் பழைய தலைமுறையின் வழக்கம் அந்த இரண்டு சிறு இடைவெளிகளுக்குள் துல்லியமாக அடங்கியிருந்தது. புரொண்பியிலும் மாலை ஐந்து மணிக்குமேல் புறஊதாச் சுட்டெண் 3க்குக் கீழே இறங்கிவிடும், ஆனால் சூரியன் மறைய இன்னும் நாலரை மணி நேரம் இருக்கும். வேலை முடிந்து வந்த பெற்றோர், புட்டும் கறியும் கட்டிக்கொண்டு, சைக்கிளில் பிள்ளைகளோடு கடலுக்குப் போய், தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு மணலில் விளையாடவிட்டு, ஒன்பது மணிக்குப் பகல்வெளிச்சத்திலேயே வீடு திரும்பலாம்.